காம் போர்ட் யார் கையில் இருக்கிறது? விர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் யூஎஸ்பி பிரிண்டரும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் கடை, கிளினிக், கோயில் அலுவலகம் என்று பல இடங்களுக்கு பில் பிரிண்டரும் லேபிள் பிரிண்டரும் பொருத்திக் கொடுப்பது என் தொழில். இவர்களில் பலர் தங்கள் மென்பொருளைக் கடைக் கணினியிலிருந்து எடுத்து, எங்கோ ஒரு சர்வரில் ஓடும் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மாற்றிவிட்டார்கள். பிரிண்டர் மட்டும் கல்லாப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் காம் போர்ட், அதாவது மென்பொருள் பிரிண்டருடன் பேசுவதற்கு விண்டோஸ் எண் போட்டுத் தரும் சீரியல் போர்ட், காணாமல் போகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள்.

சாட்ஸ்வர்த்தில் டேக்-அவே நடத்தும் அக்கா: தம்பி, போன வாரம் பிரிண்டர் காம் 4 என்று இருந்தது. கரண்ட் போய் வந்த பிறகு காம் 7. இப்போது காம் 11. ஒவ்வொரு முறையும் பில்லிங் மென்பொருளில் எண்ணை மாற்றினோம். 11 வந்த பிறகு மென்பொருளின் பட்டியலில் அந்த எண்ணே இல்லை. கரண்ட் போனால் எண் மாறுமா?

கரண்ட் போனதால் மாறவில்லை அக்கா. கரண்ட் போகும்போது உங்கள் கடையில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். லோட் ஷெடிங் காலத்தில் நாம் எல்லோரும் பழகிக்கொண்ட பழக்கம் அது: கரண்ட் திரும்பி வரும்போது மின்னழுத்தம் எகிறிப் பொருள் கெட்டுவிடும் என்று எல்லாவற்றையும் பிடுங்கி வைப்போம். நல்ல பழக்கம்தான். ஆனால் திரும்பச் சொருகும்போது யூஎஸ்பி கேபிள் வேறு துளைக்குப் போய்விடுகிறது.

சில பிரிண்டர்களின் உள்ளே இருக்கும் சிப்பில் தனி வரிசை எண் எழுதப்பட்டிருக்கும். அதை எந்தத் துளையில் சொருகினாலும் விண்டோஸ் அடையாளம் கண்டு பழைய காம் எண்ணையே கொடுக்கும். மலிவான சிப்புகளில் வரிசை எண் இருக்காது. அப்போது விண்டோஸுக்குத் துளைதான் அடையாளம். துளை மாறினால் அது புதுச் சாதனம், புதுச் சாதனத்துக்குப் புது எண். பழைய எண்ணை விண்டோஸ் யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைக்கும். எது எது கொடுக்கப்பட்டது என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் காம் நேம் ஆர்பிட்டர் என்ற இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 256 வரை எண் கொடுக்கும். ஆனால் பழைய பில்லிங் மென்பொருள்கள் பல ஒற்றை இலக்க எண்களை மட்டுமே திறக்கும். 10-உம் அதற்கு மேலும் போனால் போர்ட்டின் பெயரை வேறு விதமாக எழுதித் திறக்க வேண்டும். அந்தக் காலத்தில் எழுதியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அதனால்தான் 11 உங்கள் பட்டியலில் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் என்பதைத் தட்டுங்கள். போர்ட்ஸ் பகுதியில் மங்கலாகத் தெரிபவை எல்லாம் இப்போது சொருகப்படாத பழைய பதிவுகள். உங்கள் பிரிண்டரின் பெயரில் மங்கலாக இருப்பவற்றை மட்டும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்; புளூடூத் பெயரில் இருக்கும் காம் போர்ட்டுகளை விட்டுவிடுங்கள். அப்புறம் அதே போர்ட்ஸ் பகுதியில் உங்கள் பிரிண்டரின் பதிவைத் திறந்து, போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய் காம் 4-ஐத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக, அந்தத் துளையின் மேலும் கேபிள் நுனியிலும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டுங்கள். நான் போகும் எல்லாக் கடையிலும் சிவப்பு டேப் ஒட்டிவிட்டுத்தான் வெளியே வருவேன்.

லெனேசியாவில் மருந்துக்கடை: எங்கள் மென்பொருள் ரிமோட் டெஸ்க்டாப்பில் இருக்கிறது. லேபிள் பிரிண்டர் கடைக் கணினியில் காம் 3. சில நாள் வேலை செய்கிறது, சில நாள் "போர்ட்டைத் திறக்க முடியவில்லை" என்கிறது. சர்வர் ஆட்கள் பிரிண்டர் கெட்டுவிட்டது என்கிறார்கள், பிரிண்டர் ஆட்கள் சர்வர் சரியில்லை என்கிறார்கள்.

இரண்டு பேருமே பார்க்காத இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம்.

முதலில் பிழை எண்ணைக் கேளுங்கள். "திறக்க முடியவில்லை" என்பது போதாது. பிழை 2 என்றால் அந்தப் பெயரில் போர்ட்டே இல்லை. பிழை 5, அதாவது அக்சஸ் டினைட் என்றால் போர்ட் இருக்கிறது, வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எண்ணைப் பார்க்காமல் டிரைவரை அழித்து மறுபடி போடுவது, நோய் தெரியாமல் மாத்திரை கொடுப்பது மாதிரி. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வழிகளைப் பார்ப்போம். கடையில் இருக்கும் பிரிண்டரை ரிமோட் டெஸ்க்டாப்புக்குக் கொண்டுபோக மூன்று வழி உண்டு. காம் போர்ட்டை மட்டும் அனுப்பலாம்: டிரைவர் கடைக் கணினியிலேயே இருக்கும், அந்தப் பக்கம் காம் 3 என்ற பெயர் மட்டும் போகும். யூஎஸ்பி சாதனத்தையே அனுப்பலாம்: அப்போது அது கடைக் கணினியின் டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியிலிருந்து மறைந்து, அந்தப் பக்கம் புதிதாகச் சொருகியது போலத் தோன்றும், டிரைவரும் அங்கேதான் வேண்டும். அல்லது விண்டோஸ் பிரிண்டராக அனுப்பலாம்: அந்தப் பக்கம் டிஎஸ் 001, டிஎஸ் 002 என்ற போர்ட்டுகளில் உட்காரும், காம் எண்ணே இருக்காது.

ஒரு பிரிண்டருக்கு ஒரு வழிதான். உங்கள் இணைப்பில் போர்ட்ஸ், பிரிண்டர்ஸ், யூஎஸ்பி மூன்றிலும் டிக் இருக்கும் என்று நினைக்கிறேன். யூஎஸ்பியாகப் போன நாளில் கடைப் பக்கம் காம் 3 இல்லாமல் போகிறது, மென்பொருளோ காம் 3-ஐத் தேடுகிறது. பிழை 2. யூஎஸ்பியாகப் போகாத நாளில் காம் 3 இருக்கிறது, ஆனால் சில நேரம் கடைக் கணினியில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலரோ, லேபிள் பிரிண்டருடன் வந்த ஸ்டேட்டஸ் மானிட்டரோ அதைத் திறந்து வைத்திருக்கிறது. பிழை 5. இரண்டும் நடக்காத நாளில் லேபிள் வருகிறது. "சில நாள் வேலை செய்கிறது" என்பதற்கு இதுதான் பொருள்.

உங்கள் மென்பொருள் காம் எண்ணைத்தான் கேட்கிறது. அதனால் போர்ட்ஸ் டிக்கை வைத்துக்கொண்டு யூஎஸ்பி டிக்கை எடுங்கள். கடைக் கணினியில் ஸ்டேட்டஸ் மானிட்டரை விண்டோஸுடன் சேர்ந்து தொடங்காதபடி நிறுத்துங்கள். பிறகும் பிழை 5 வந்தால், ரெஜிஸ்ட்ரியில் ஹார்ட்வேர், டிவைஸ்மேப், சீரியல்காம் என்ற இடத்தில் காம் 3-க்கு எதிரே இருக்கும் சாதனப் பெயரைக் குறித்துக்கொண்டு, மைக்ரோசாஃப்டின் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பெயரைத் தேடுங்கள். எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்று பெயரோடு காட்டும். இதைக் கடைக் கணினியில் செய்ய வேண்டும், சர்வரில் அல்ல. அங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று: போர்ட் பட்டியல் இணைப்பு தொடங்கும்போது எடுக்கப்படுவது. காலையில் பிரிண்டரை ஆன் செய்து, அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவில் சொருகினால் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

சர்வர் ஆட்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காம் போர்ட் ரீடைரக்ஷனை, அதாவது போர்ட்டை மட்டும் அனுப்பும் வழியை, பாலிசியில் தடுத்திருக்கிறீர்களா? சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும், புதிய பதிப்புகளில் அது ஆரம்பத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

அதே கடையிலிருந்து: பிரவுசரில் டெஸ்க்டாப்பைத் திறந்தால்?

காம் போர்ட் போகாது. விண்டோஸ் கிளையன்ட் தேவை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மொத்த வியாபாரம்: ஒரே சர்வரில் இரண்டு கவுண்டர். யூஎஸ்பியை நெட்வொர்க் வழியாக அனுப்பும் மென்பொருள் வாங்கிப் போட்டோம். இரண்டாம் கவுண்டர் பில் முதல் கவுண்டரில் அடிக்கிறது. வாடிக்கையாளர் முன்னால் மானம் போகிறது அண்ணா.

பலர் ஒரே நேரத்தில் பகிரும் சர்வரில் அப்படிக் கொண்டுவந்தால், பிரிண்டர் சர்வரின் முதுகில் சொருகியது போல ஆகிவிடும். அந்த காம் 3 எல்லோருக்கும் ஒரே காம் 3. மென்பொருள் அமைப்புக் கோப்பும் பொதுவாக இருந்தால், யார் அடித்தாலும் முதல் பிரிண்டருக்குத்தான் போகும். போர்ட் ரீடைரக்ஷன் அப்படியல்ல. அதில் ஒவ்வொருவருடைய செஷனுக்கும் தனித்தனி காம் 3. இரண்டு கவுண்டர் கணினியிலும் பிரிண்டரை காம் 3-இல் நிறுத்துங்கள். ஒரே அமைப்பு, இரண்டு பிரிண்டர், குழப்பம் இல்லை. சர்வருக்குச் சொந்தமாக ஏற்கெனவே இருக்கும் எண்ணை, பெரும்பாலும் காம் 1, எடுக்காதீர்கள். செஷனுக்குள் கமாண்ட் பிராம்ப்டில் சேஞ்ச் போர்ட் என்று தட்டினால் எந்த காம் எங்கே போகிறது என்று பட்டியல் வரும்.

உங்கள் டெஸ்க்டாப் ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் அழிந்து புதிதாக வரும் வகை என்றால், உள்ளே செய்யும் எந்த மாற்றமும் மறுநாள் இருக்காது. எல்லா டெஸ்க்டாப்புக்கும் மூலப் பிரதியான கோல்டன் இமேஜில் செய்ய வேண்டும். அந்த இமேஜைத் தயாரித்தவர் பத்து பிரிண்டரைச் சொருகிச் சோதித்திருந்தால், பூட்டிய அந்த எண்கள் அத்தனையும் எல்லா டெஸ்க்டாப்புக்கும் நகலாகி வரும். இமேஜை மூடும் முன் மங்கலான பதிவுகளைத் துடைக்கச் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை: கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் சீரியல் போர்ட் சேர்த்தேன். உள்ளே விண்டோஸில் காம் 1-ஐத் திறந்தால் பிரிண்டர் அசையவே இல்லை.

காம் 2-ஐ முயன்று பாருங்கள் தங்கை. வொர்க்ஸ்டேஷன் தரும் விர்ச்சுவல் பிரிண்டர் உள்ளுக்குள் ஒரு சீரியல் போர்ட்டைத்தான் பயன்படுத்துகிறது, முதல் இடம் அதற்குப் போய்விடுகிறது. அந்த விர்ச்சுவல் கணினியின் அமைப்புக் கோப்பில் சீரியல் 0 என்ற வரியில் தின்பிரிண்ட் என்று இருந்தால் அதேதான். அந்த விர்ச்சுவல் பிரிண்டர் வேண்டாம் என்றால் நீக்கிவிட்டு உங்கள் போர்ட்டை மறுபடி சேர்த்தால் காம் 1 கிடைக்கும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி: உபுண்டு 22.04 லினக்ஸில், வொர்க்ஸ்டேஷன் போலவே இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ். சிறிய தெர்மல் பிரிண்டர் சொருகினால் டிடிஒய்யூஎஸ்பி 0 என்ற போர்ட் வந்து ஒரு நொடியில் மறைகிறது.

பிரிண்டருக்குள் சிஎச் 340 சிப் இருக்க வேண்டும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அதே அடையாள எண் கொண்ட ஒரு பிரெய்ல் சாதனம் என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. டிமெசேஜ் பதிவில் அதன் பெயரே வரும். உங்கள் வீட்டில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் இல்லையென்றால் மட்டும் அந்தப் பொதியை நீக்குங்கள். இருந்தால், சொருகும் சாதனத்தை யார் எடுப்பது என்று சொல்லும் யூடெவ் விதியில் அந்த ஒரு எண்ணை மட்டும் விலக்குங்கள்.

அப்புறம் முடிவு செய்யுங்கள்: பிரிண்டரை யூஎஸ்பியாக உள்ளே விடப்போகிறீர்களா, அல்லது வெளியே உள்ள போர்ட்டை உள்ளே காம் 1 ஆகக் காட்டப்போகிறீர்களா? முதலாவதற்கு விபாக்ஸ்யூசர்ஸ் குழுவிலும் இரண்டாவதற்கு டயல்அவுட் குழுவிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். குழுவில் சேர்ந்த பிறகு ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

கோயில் அலுவலகம்: காவடித் திருவிழாவுக்கு அர்ச்சனை ரசீது அடிக்கும் பழைய சீரியல் பிரிண்டர் நன்றாக இருக்கிறது. புதுக் கணினியில் யூஎஸ்பி கேபிள் வழியாகச் சேர்த்தால் மஞ்சள் முக்கோணம்.

ஐயா, அந்த முக்கோணத்துக்குப் பக்கத்தில் பிஎல் 2303 எச்எக்ஸ்ஏ, 2012-இலிருந்து நிறுத்தப்பட்டது என்ற பொருளில் ஆங்கில வரி இருக்கிறதா? இருந்தால் உங்கள் பிரிண்டருக்கும் சர்வருக்கும் இதில் சம்பந்தமே இல்லை. கேபிளின் நடுவில் இருக்கும் சிப் பழையது அல்லது போலி. புதிய டிரைவர் அதை ஏற்க மறுக்கிறது. பழைய டிரைவரைத் தேடிப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. விண்டோஸ் அப்டேட் ஒரு நாள் புதிய டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி நின்றுவிடும், அதுவும் கூட்டம் வரிசையில் நிற்கும் நாளில். வேறு கேபிள் வாங்குங்கள். வாங்கும்போது சிப்பில் வரிசை எண் உண்டா என்று கேட்டு வாங்கினால் சாட்ஸ்வர்த் அக்காவின் கஷ்டமும் வராது.

அதே அலுவலகம்: கேபிள் மாற்றினோம். இப்போது பெயருக்குப் பதில் கிறுக்கல் வருகிறது.

வேகம் பொருந்தவில்லை. பிரிண்டரை அணைத்து, காகிதம் நகர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்யுங்கள். அது தன் அமைப்பை அச்சடித்துக் காட்டும். 9600 என்று இருந்தால் மென்பொருளிலும் 9600.

டர்பன், மசாலாக் கடை: தராசையும் பிரிண்டரையும் சொருகிக் கணினியைத் தொடங்கினால் மவுஸ் அம்பு தானாக ஓடிக் கண்டதையும் திறக்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். தராசு இடைவிடாமல் எடையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போது அதைப் பழைய சீரியல் மவுஸ் என்று எண்ணிவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியில் சீரியல் பால்பாயின்ட் என்று ஒன்று இருக்கும். அதை டிசேபிள் செய்யுங்கள்; அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த முறை திரும்பி வந்துவிடும். அது போன பிறகு தராசின் காம் எண் விடுபட்டு மென்பொருளுக்குக் கிடைக்கும்.

டோங்காட்டிலிருந்து ஓர் அண்ணா: இவ்வளவு தொல்லை எதற்கு? நெட்வொர்க் பிரிண்டர் வாங்கிவிடலாமா?

உங்கள் மென்பொருள் அதை ஏற்கும் என்றால் வாங்குங்கள் அண்ணா, நானே அதைத்தான் சொல்வேன். காம் எண் என்ற பேச்சே இருக்காது. பெரும்பாலான நெட்வொர்க் பில் பிரிண்டர்கள் 9100 என்ற நெட்வொர்க் போர்ட்டில் கேட்கும். ஆனால் உங்கள் சர்வர் ஜோகன்னஸ்பர்க் டேட்டா சென்டரில் இருந்தால், அது உங்கள் கடைக்குள் இருக்கும் பிரிண்டரை நேரடியாகத் தொட முடியாது. நடுவில் விபிஎன், அதாவது இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை, வேண்டும். 9100-ஐ ரவுட்டரில் வெளியே திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் கடையில் அச்சடிக்கலாம் என்று ஆகிவிடும். விபிஎன் இல்லையென்றால் இப்போது இருக்கும் யூஎஸ்பி பிரிண்டரே போதும். முதலில் பிழை எண் 2-ஆ 5-ஆ என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.