கூலண்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை: எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது பதினைந்து வருடப் பழைய பெட்ரோல் கார். பத்து நாளைக்கு ஒருமுறை கூலண்ட் டப்பாவில் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே இல்லை. மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து, உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காட்டி, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்கிறார். அதற்கு முன்னால் லீக் அடைக்கும் மருந்து ஊற்றிப் பார்க்கலாமா?

பதில்: மருந்தும் வேண்டாம், இப்போதைக்கு எஞ்சினில் கைவைக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஆயில் மூடி இருக்கிறது, கேஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவில், கூலண்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு) இருக்கிறது. காற்றடித்து லீக் தேடும் பிரஷர் டெஸ்ட் என்ற ஒரு சொல் இல்லை. அதைச் செய்யாமல் எஞ்சினைத் திறக்கச் சொல்பவர் லீக்கைத் தேடவில்லை, வேலையைத் தேடுகிறார்.

வண்டி ஓடும்போது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் சுற்றும் பாதையில் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் ஏறும். நிறுத்தி ஆறியதும் அது இறங்கிவிடும். அந்த நிலையில் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பது காற்றில்லாத டியூபில் பஞ்சர் தேடுவது மாதிரி. சூட்டில் மட்டும் கசிகிற இடம் ஆறியபின் வாயை மூடிக்கொள்ளும். கசிந்ததும் சூடான எஞ்சின் மேலேயே விழுந்து ஆவியாகிவிடும். தரையில் சொட்டு இல்லாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆனால் தடயம் இருக்கும். கூலண்ட் காய்ந்த இடத்தில் வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்தது போல ஒரு படிவு தெரியும். பட்டறைக்குப் போகுமுன் டார்ச் அடித்து அதைத் தேடுங்கள். ஹோஸ்கள் கிளாம்புக்குள் நுழையும் இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ஓரம், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் கூலண்ட் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். அதை எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

வெளியே எதுவும் சிக்கவில்லையென்றால் முன் இருக்கைக் கால்மாட்டில் கால்மிதியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரம், ஒருவித இனிப்பு வாடை, கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு ஆகியவை இருந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும், கூலண்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

இப்போது டெஸ்ட். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், இதில் விளையாட்டு வேண்டாம். மூடியைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டுவார்கள். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அந்த அளவு வரைதான் அடிக்க வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. பழைய வண்டியில் கூடுதலாக அடித்தால் நன்றாக இருந்த ஹீட்டர் கோரும் பிளந்துகொள்ளும். அப்புறம் "பார்த்தீங்களா, இதுவும் போயிருக்கு" என்று இன்னொரு பில் வரும். பக்கத்தில் நின்று மீட்டரைப் பாருங்கள். கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் பெரிய லீக் இல்லை. இறங்கினால் எங்கோ நனைகிறது, அதைத் தேட வேண்டும். முள் இறங்கியும் உள்ளேயோ வெளியேயோ ஈரமே தென்படாவிட்டால் கேஸ்கெட் மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

ரேடியேட்டர் மூடியையும் அதே பம்பில் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் நீராவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அமைப்பிலேயே மலிவான பாகம் அது. மாற்ற ஒரு நிமிடம் போதும், லேபர் பில் போட முடியாது. அதனாலேயே கடைசியில்தான் அதன் மேல் சந்தேகம் வருகிறது.

சரி, அந்த வெள்ளைப் படிவு. இதைக் காட்டி இறக்கப்பட்ட எஞ்சின்கள் கொஞ்சமல்ல, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எஞ்சினுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும். வண்டி நன்றாகச் சூடாகி ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். கடைக்கும் வீட்டுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடினால் போகாது. இருப்பதிலேயே குளிர்ந்த இடமான ஆயில் மூடியின் அடியில் படிந்து, ஆயிலோடு கலந்து வெண்ணெய் மாதிரி நிற்கும். குளிர்காலத்தில் இது இன்னும் அதிகம். ஆகவே மூடியைத் துடைத்துவிட்டு ஒரு முறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டுப் பாருங்கள். போவதற்கு முன் ஆறிய எஞ்சினில் கூலண்ட் அளவு சரியாக இருக்கட்டும். படிவு திரும்ப வரவில்லை, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் தெளிவாக இருக்கிறது, அளவும் ஏறவில்லை என்றால் அது வெறும் ஈரப்பதம்தான். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் கதை வேறு. அப்போது வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேஸ்கெட் சந்தேகம் அப்படியும் தீரவில்லையா? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த புகை கூலண்டுக்குள் வருகிறதென்றால் திரவம் மஞ்சளாக மாறும். சில நிமிட வேலை. பட்டறையில் அந்தக் கருவி இல்லை என்றால் இருக்கிற பட்டறைக்குப் போங்கள். கழற்றி மாட்டுவதற்கே கூலியும், கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாமலும் இருக்கிற தொழிலில் யார்தான் கருவி வாங்கி வைப்பார்கள்?

லீக் அடைக்கும் மருந்து ஓட்டை எது, குழாய் எது என்று பார்த்து அடைப்பதில்லை. மெல்லிய குழாய்கள் கொண்ட ஹீட்டர் கோரிலும் ரேடியேட்டரிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். லீக்கோடு அடைப்பும் சேர்ந்துவிடும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஏறாது" என்பவரிடமும் வண்டியைக் கொடுக்காதீர்கள். அது சூட்டைச் சீராக வைக்கும் வால்வு, கழற்றுவதால் லீக் நிற்காது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

சூடு காட்டும் முள் நடுவில்தானே நிற்கிறது என்றும் இருந்துவிடாதீர்கள். பல கார்களில் சூடு கணிசமாகக் கூடினாலும் அந்த முள் நகராதபடிதான் வைத்திருக்கிறார்கள். கூலண்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் முள் பொய்யும் சொல்லும். 'வாழ்நாள் கூலண்ட்' என்று அச்சடித்து விற்பதும் இதே ரகம்தான். யாருடைய வாழ்நாள் என்று அவர்கள் சொல்வதில்லை. கூலண்டில் உள்ள துருத்தடுப்பு மருந்து வருடக் கணக்கில் தீர்ந்துபோகும், அப்புறம் உள்ளே அரிப்புதான்.

லீக்கைச் சரிசெய்தபின் நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காதீர்கள், நிறம் வெறும் சாயம். வண்டியின் கையேட்டில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதை வாங்கி, கலக்காமல் விற்கும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளே மாட்டிய காற்று வெளியேறும் வரை எஞ்சினை ஓடவிடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் குடித்துவிடும், குழந்தையும் வாயில் வைக்கும். அது விஷம். டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் காலையில் வண்டி எடுக்குமுன் பாருங்கள். காற்று வெளியேறுவதால் முதல் ஓரிரு நாள் கொஞ்சம் இறங்கலாம். அதற்குப் பிறகும் இறங்கினால் அதே பட்டறைக்குப் போய், டெஸ்ட் பம்பை மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.