சி.டி.4 நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை இப்போதே வேண்டுமா?

கேள்வி: வயது 31, ஊர் குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம். கொச்சியிலிருந்து விசைப்படகில் ஆழ்கடல் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. சி.டி.4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) 640. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) உடனே மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். '350-க்குக் கீழே இறங்கட்டும், பார்க்கலாம்' என்கிறார் தெரிந்த ஒருவர். தள்ளிப்போடலாமா? படகில் எப்படிச் சமாளிப்பது?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். தெரிந்தவர் சொல்வது பழைய கணக்கு. முன்பு அப்படித்தான், எண்ணிக்கை இறங்கும்வரை நாங்களும் காத்திருக்கச் சொன்னோம். 2015-இல் 'ஸ்டார்ட்' ஆய்வு அதை மாற்றியது. சி.டி.4 500-க்கு மேல் இருந்த 4,685 பேரை 35 நாடுகளில் கவனித்தார்கள். உடனே தொடங்கியவர்களிடம் கடும் நோய்களும் மரணமும், காத்திருந்தவர்களைவிட 57 சதவீதம் குறைவு. 2017-இல் இந்தியாவும், எண்ணிக்கை எதுவானாலும் எல்லோருக்கும் சிகிச்சை என்று முடிவெடுத்தது.

தொந்தரவு இல்லை என்பதற்காகக் கிருமி சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள். தினமும் பெருகுகிறது, சில செல்களுக்குள் போய்ப் பதுங்கியும் கொள்கிறது. பதுங்கியதை எந்த மாத்திரையாலும் எடுக்க முடியாது, அதனால்தான் ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்கிறோம். சீக்கிரம் தொடங்கினால் அந்தப் பதுக்கல் சிறியதாக இருக்கும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் மாத்திரை இலவசம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. தொடங்குமுன் சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி, காசநோய் மூன்றையும் பார்ப்பார்கள். இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் மறைக்காதீர்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கொடுத்தால் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்க வேண்டும். மஞ்சள் காமாலை பி இருந்தால், நீங்களாக மாத்திரையை நிறுத்துவது கல்லீரலுக்கே ஆபத்து.

சரி, படகு. முதல் மாதம் கரையில் இருங்கள் என்பது என் கருத்து. தலைவலி, தூக்கமின்மை போன்றவை வந்தால் அப்போதுதான் வரும், கடலில் கேட்க ஆள் கிடையாது. அப்புறம் போகும்போது பயண நாட்களைவிட இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை கேட்டு வாங்குங்கள். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாதம் வரை தருவதுண்டு. கொச்சியிலேயே தீர்ந்துவிட்டால் சிகிச்சை அட்டையோடு அங்குள்ள அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள், கேரளத்தில் அதை 'உஷஸ்' என்பார்கள்.

மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், கடல் ஈரத்தில் கெட்டுவிடும். கூட இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று தயக்கமா? காலாவதித் தேதியைக் குறித்துக்கொண்டு லேபிளைக் கிழித்துவிடுங்கள். வலை இழுக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போனில் அலாரம் வையுங்கள். மறந்துவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடலாம்; அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போட வேண்டாம்.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் எல்லாம் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எச்.ஐ.வி. மாத்திரையை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிடுங்கள். நம் மாவட்டத்தில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. சங்கு பற்பம், அயச்செந்தூரம் போன்ற கால்சியம், இரும்பு கலந்த சித்த மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி.யைக் குணமாக்கும் மருந்து என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

மணமானவர் என்றால் மனைவிக்கும் இப்போதே பரிசோதனை வேண்டும். ஆறு மாதத்தில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, பார்ப்பார்கள். கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பரவாது. அதுவரை ஆணுறை கட்டாயம். படகு முதலாளியிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. 2017 எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை அவரிடம் சொல்லக் கூடாது. இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. சந்தேகம் வந்தால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணமில்லை.