ஆரஞ்சுச் சாற்றில் பாகு காய்ச்சலாமா?

கேள்வி: எனக்கு 8 வயதில் மகளும் 3 வயதில் மகனும் இருக்கிறார்கள். பிஸ்கட், பாக்கெட் ஜூஸ் இரண்டையும் நிறுத்திவிட்டு, விதைகளும் பழச்சாறும் சேர்த்து வீட்டிலேயே ஏதாவது செய்து தரலாம் என்று கறுப்பு எள், பூசணி விதை, சூரியகாந்தி விதை, ஆளி விதை எல்லாம் வாங்கினேன். மொத்தமாகப் போட்டு வறுத்து, ஆரஞ்சுச் சாற்றில் வெல்லத்தைக் கரைத்துப் பாகு காய்ச்சி, தட்டில் கொட்டி வில்லை போட்டேன். அன்றைக்குப் பல்லை உடைக்கும் கல்லாக இருந்தது. இரண்டே நாளில் டப்பாவோடு ஒட்டிப் பிசுபிசுத்துவிட்டது. கசப்பு வேறு. சப்ஜா விதை போட்டு ஜூஸ் கொடுத்தால் இருவருமே துப்பிவிடுகிறார்கள். "எள் சூடு, சின்னவனுக்கு விதையே வேண்டாம்" என்கிறார் மாமியார். எதை எப்படிச் செய்வது? — ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் வாங்கிய பொருள்களில் குறையே இல்லை. வறுத்த விதமும், சாற்றை அடுப்பில் ஏற்றியதும்தான் காரியத்தைக் கெடுத்திருக்கின்றன. விதைக்குச் சூடு வேண்டும், சாற்றுக்குக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பாகிலிருந்து தொடங்குவோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு வெல்லத்தைத் தண்ணீரில்தான் காய்ச்சுகிறார்கள். அந்தப் பாகு கல் பதத்துக்கு வந்து ஆறினால் மொறுமொறுவென்று நிற்கும். அதில் புளிப்பான சாறு சேர்ந்து கொதிக்கும்போது, புளிப்பும் சூடுமாகச் சர்க்கரையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்துவிடும். பழச்சாற்றில் இந்த இரண்டும் ஏற்கெனவே உண்டு. ஃபிரக்டோஸ் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதல் நாள் கல்லாக இருந்தது மூன்றாம் நாள் பிசினாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் காய்ச்சியிருந்தால் சரியாகியிருக்கும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சக் காய்ச்சக் கசப்புதான் ஏறும். சாறு கொடுப்பதே வைட்டமின் சி-க்காக என்றால், அது கொதியில் பெருமளவு போய்விடும்.

கசப்புக்கு வறுவலும் காரணம். எள்ளும் பூசணி விதையும் ஒரே வாணலியில் சேர்ந்து வறுபடாது. பூசணி விதை உப்பும் முன்பே எள் கருகிவிடும். கறுப்பு எள்ளில் கருகியது கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கனமான வாணலியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் வறுங்கள்.

எள்ளை முதலில் தண்ணீரில் அலசி, கல்மண் போக அரித்து, துணியில் பரப்பி நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு வறுத்தால் மேலே பொரிந்து உள்ளே பச்சையாக நிற்கும். வாணலி சூடானதும் அரைக் கப் எள்ளைப் போட்டுக் கை நிறுத்தாமல் கிளறுங்கள். 3, 4 நிமிடத்தில் படபடவென்று பொரியத் தொடங்கும். அந்தச் சத்தம் அடங்கத் தொடங்கும்போது நாலு எள்ளை எடுத்து விரல் நுனியில் நிமிண்டிப் பாருங்கள். நசுங்கி ஒட்டினால் இன்னும் பச்சை. மணத்தோடு பொடியானால் பதம். உடனே அகலமான தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால், இரும்பின் சூட்டிலேயே அது தொடர்ந்து வறுபட்டுக் கருகும். பூசணி விதை 5, 6 நிமிடம்: தட்டையாக இருந்தது உப்பி, ஒன்றிரண்டு துள்ளும். சூரியகாந்தி விதையும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஓரம் லேசாகச் சிவந்தால் போதும். ஆளி விதை சட்டென்று வெடிக்கும். வெடிப்பு தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் போனால் கசந்து, எண்ணெய் நாற்றம் வரும்.

இனி, சாற்றையும் விதையையும் சேர்க்க அடுப்பே தேவைப்படாத உருண்டை. கொட்டை நீக்கிய மெத்தென்ற பேரீச்சம்பழம் 100 கிராம் (10 முதல் 12 வரும்) எடுத்து, சிறிதாக நறுக்கி, 2 மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாற்றில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். சாற்றைக் கையால் பிழிந்து, விதையை வடிகட்டிவிட வேண்டும். மிக்ஸியில் விதையோடு அடித்தால் அதன் கசப்பு முழுவதும் இறங்கிவிடும். வறுத்து ஆறிய எள் அரைக் கப், பூசணி விதை கால் கப், சூரியகாந்தி விதை கால் கப், ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிப் பொடியாக்குங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். சூடு ஆறாமல் அரைத்தாலும் இதே கதிதான். பொடியை எடுத்துவிட்டு ஊறிய பேரீச்சையை அரைத்து, இரண்டையும் ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்த் தூளோடு பிசைந்து நெல்லிக்காய் அளவில் உருட்டினால் ஏறக்குறைய 18 உருண்டை வரும். உருட்ட வராமல் உதிர்ந்தால் அரைக் கரண்டி சாறு தெளியுங்கள். கையில் ஒட்டினால் விதைப்பொடி இன்னும் கொஞ்சம்.

இதில் ஈரம் இருப்பதால் வெளியில் வைத்தால் ஒரு நாள்தான். ஃபிரிட்ஜில் 4 நாள் வைத்துக்கொள்ளலாம். வெல்லம் சேர்த்து இடிக்கும் எள்ளுருண்டைபோல வாரக்கணக்கில் நிற்காது. ஊருக்கு எடுத்துப்போகவோ, ஒரு வாரத்துக்குச் செய்துவைக்கவோ வேண்டுமென்றால் அந்தப் பழைய எள்ளுருண்டையையே செய்யுங்கள்: ஒரு கப் வறுத்த எள்ளுக்கு அரைக் கப்புக்குச் சற்றுக் கூடுதலாகப் பொடித்த வெல்லம், சாறு எதுவும் வேண்டாம். உரலிலோ மிக்ஸியிலோ இடிபடும்போது எள் விடும் எண்ணெயே உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். சாற்றைத் தனியாகக் கையில் கொடுங்கள். ஒரு நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, உப்பும் துளி வெல்லமும் போட்டால் போதும். விதைகளில் உள்ள இரும்புச்சத்தைக் குடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி போனால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இதே காரணத்துக்காக, பெரியவளுக்கு மாலையில் டீ கொடுக்கும் வழக்கம் இருந்தால் எள்ளுருண்டையோடு அது வேண்டவே வேண்டாம். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சப்ஜாவைப் பிள்ளைகள் துப்புவது அந்த வழவழப்பால். சாற்றில் மிதக்காமல் கடல்பாசிக்குள் அது இருந்தால் வாய்க்கு வழுக்கலாகத் தெரியாது. நோன்பு நாள்களில் நம் முஸ்லிம் வீடுகளில் செய்யும் அதே கடல்பாசிதான். 5 கிராம் கடல்பாசி இழையை நறுக்கி, ஒரு கப் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு சிறு தீயில் ஏற்றி, ஓர் இழைகூடக் கண்ணில் படாதபடி கரையும் வரை கிளறுங்கள். 7, 8 நிமிடம் ஆகும். தண்ணீர் வற்றிக் குறைந்தால் வெந்நீர் விட்டு அளவைச் சரிசெய்யுங்கள். 2 மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் கரைந்ததும் வடிகட்டி, ஆவி அடங்கும் வரை பொறுத்து, ஒரு கப் ஆரஞ்சு அல்லது மாதுளைச் சாற்றை ஊற்றிக் கலக்குங்கள். சாறு ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கக் கூடாது. கடல்பாசி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தாலே உறையத் தொடங்கும், குளிர்ந்த சாறு பட்ட இடத்தில் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். சாற்றைச் சேர்த்துக் கொதிக்கவிட்டாலோ, புளிப்பு கடல்பாசியின் பிடிப்பைக் குறைத்து, தட்டைச் சாய்த்தால் ஓடும்.

ஒரு தேக்கரண்டி சப்ஜாவை ஒரு கப் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து வடித்துவையுங்கள். ஒவ்வொரு கறுப்பு மணியைச் சுற்றியும் வெண்படலம் முழுதாக வந்திருக்க வேண்டும். ஊறாத சப்ஜா தொண்டையில் போய் உப்பும், அது ஆபத்து. கடல்பாசிக் கலவை லேசாகக் கெட்டியாகத் தொடங்கும் நேரம் பார்த்துக் கலந்து, தட்டில் ஊற்றுங்கள். முன்பே போட்டால் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். அரை மணி நேரத்தில் உறைந்ததும் மகளுக்குத் துண்டு போடலாம். மகனுக்கு மெல்லிய கீற்றாக நறுக்கியோ, கரண்டியால் மசித்தோ மட்டும் கொடுங்கள். கெட்டியான ஜெல்லித் துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும்.

சின்னவனுக்கு முழு விதை வேண்டாம் என்பதில் உங்கள் மாமியார் சொல்வது சரி. 5 வயது வரை வேர்க்கடலை, பாதாம், பூசணி விதை எதையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது. மென்று அரைக்கும் பழக்கம் முழுமையாக வந்திருக்காது, சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். பொடித்துச் செய்ததையும் உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து, தட்டையாக்கிச் சிறு துண்டுகளாகக் கொடுங்கள். எள் சூடு என்ற கவலைக்கு அளவே பதில்: மகனுக்கு ஒன்று, மகளுக்கு இரண்டு, வாரத்தில் மூன்று நாள். கோடையில் எள்ளைக் குறைத்துப் பூசணி விதையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவருடைய மனமும் நோகாது. பேரீச்சை பல்லில் ஒட்டும் என்பதால் தின்றதும் வாய் கொப்பளிக்க வையுங்கள்.

எள்ளும் கடலையும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது. இதுவரை சாப்பிட்டிராத விதை என்றால் கலவையாகத் தராமல், முதல் நாள் கால் தேக்கரண்டி பொடி மட்டும் பகல் நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி தெரிந்தால் அந்த விதையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சாற்றின் அளவையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வீட்டில் பிழிந்தது என்பதற்காகவே டம்ளர் டம்ளராகக் கொடுப்பவர்கள் அதிகம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 2 முதல் 5 வயது வரை நாளுக்கு 125 மில்லி, அதற்கு மேல் 250 மில்லி என்பதே உச்ச அளவு. 2 வயதுக்குள் சாறே வேண்டாம். பழமாகவே தின்றால் இன்னும் நல்லது. ஆப்பிளை அரைப்பதானால் விதையை எடுத்துவிடுங்கள், அந்த விதை தின்னத் தகாதது.

ஆளி விதைப் பொடியை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், அதையும் ஃபிரிட்ஜில் மூடி வையுங்கள். பொடித்ததுமே அதன் எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். வறுத்த மற்ற விதைகள் கண்ணாடிப் புட்டியில் இரண்டு வாரம் தாங்கும், முழுதாக ஆறிய பிறகு மூடினால். கடையில் விலை கொடுக்கும் முன் ஒரு பூசணி விதையை மென்று பாருங்கள். சாம்பாருக்கு வாங்கும் பரங்கிக்காயின் விதையைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து உரித்தும் பயன்படுத்தலாம். அதிலும் ஒன்றை முதலில் நீங்கள் மெல்லுங்கள். கசந்தால் அந்தக் காயின் விதை மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.