நிலாவுக்கு இரண்டு கண்கள்

அன்புள்ள ஐயா,

2023இல் இஸ்ரோ வெளியிட்ட விக்ரம் தரையிறங்கியின் முப்பரிமாணப் படத்தை சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். விக்ரம் அப்படியே எழுந்து நிற்கிறது. அதே ஆசையில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று, ஓரடி தள்ளித் தள்ளி சேலம் நகரத்தை இரண்டு படம் எடுத்துச் சேர்த்தேன். தட்டையாகவே இருக்கிறது. ஏன்? இதெல்லாம் வேடிக்கைக்கு மேல் எதற்காவது பயன்படுகிறதா?

வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

ஓரடி போதாது. படம் எடுக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே, பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும் என்பது இக்கலையில் பழைய கணக்கு. நகரம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 300 மீட்டருக்கு மேல் நகர வேண்டும்.

இதே கணக்கை நிலாவுக்குப் போட்டுப் பாருங்கள். 3,84,000 கிலோமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு 12,800. கிட்டத்தட்ட பூமியின் விட்டம்! ஆனாலும் வாரன் டி லா ரூ என்ற ஆங்கிலேயர் 1850களிலேயே, இங்கிலாந்தை விட்டு நகராமல், நிலாவை உருண்டையாகக் காட்டிவிட்டார். நிலா நம்மிடம் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டினாலும் லேசாக அசைகிறது. ஒரு சமயம் இடது ஓரமும் இன்னொரு சமயம் வலது ஓரமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பிறையளவு ஒன்றாக, அசைவு மட்டும் வேறாக இருக்கும் இரு இரவுகளுக்காக அவர் காத்திருந்தார். நாம் நகர முடியாவிட்டால் பொருள் திரும்பும்வரை பொறுத்திருக்கலாம் என்ற அந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பு.

வேடிக்கையா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை, அது அளவுகோல். சேர்வராயன் மலையில் தூரத்து மடிப்புகள் நீலமாக வெளுத்துத் தெரிவதை வைத்தே எது அருகில், எது தொலைவில் என்று கண்டுகொள்கிறோம். அது காற்றின் உபயம். நிலாவில் காற்று இல்லை. தொலைவுக் குன்றும் பக்கத்துப் பாறைபோல் துல்லியமாகத் தெரியும். 1971இல் அப்போலோ 14 வீரர்கள் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி ஏறி, சுமார் 30 மீட்டர் தூரத்தில் அது இருப்பது தெரியாமலே திரும்பினார்கள்.

சந்திரயான்-1இன் நிலவரைபடக் கேமரா ஒரே இடத்தை முன்சாய்வாக, நேராக, பின்சாய்வாக மூன்று முறை பார்த்தது. அந்த வித்தியாசத்திலிருந்துதான் மேடும் பள்ளமும் கணக்கிடப்பட்டன. விக்ரமிலிருந்து இறங்கி ஓடிய பிரக்யான் ஊர்திக்கும் இரு கண்கள் உண்டு. அந்த இரட்டைப் படங்களிலிருந்து தரையின் மேடுபள்ளத்தைக் கணித்துத்தான் அதற்கு வழி சொன்னார்கள். 2023 ஆகஸ்ட் 27இல் மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் தென்பட்டதும், வந்த வழியே திரும்பச் சொன்னார்கள்.

மறுபடி லேடீஸ் சீட்டுக்குப் போகும்போது ஒரு நண்பரையும் அழைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தள்ளி நின்று, போனில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் எடுங்கள். இல்லையென்றால் நடுவில் மேகநிழல் நகர்ந்து படம் கெட்டுவிடும். கம்பித் தடுப்போ பக்கத்து மரக்கிளையோ சட்டத்துக்குள் வரக்கூடாது. இரண்டு படங்களையும் அனுப்புங்கள், சேர்த்துத் தருகிறேன்.