துளை ஏன் சாய்கிறது?

கேள்வி: வீட்டு மொட்டைமாடியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். 25 மி.மீ. கனமுள்ள இரும்புத் துண்டில் கை டிரில்லால் 10 மி.மீ. துளை போட்டால், மேலே சரியாகத் தொடங்கும் துளை அடிப்பக்கத்தில் 2 மி.மீ. விலகி வெளிவருகிறது. டிரில்லை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்டாண்டு வாங்காமல் இதைச் சரிசெய்ய இயலுமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இயலும். 25 மி.மீ. ஆழத்தில் 2 மி.மீ. விலகல் என்பது ஏறத்தாழ நாலரை டிகிரிச் சாய்வு. இவ்வளவு சிறிய சாய்வைக் கண்ணும் கையும் உணர்வது கடினம் என்பதால், இதை உங்கள் கைத்திறனின் குறையாகக் கருத வேண்டாம். துளையிடும் அலகான பிட்டை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையைக் கையிடம் விடாமல் ஓர் இரும்புத் துண்டிடம் ஒப்படையுங்கள்.

அடிப்பக்கம் மட்டமான 20 மி.மீ. கனத் துண்டு ஒன்றை லேத்துப் பட்டறையில் கொடுத்து, அதில் 5 மி.மீ. துளையைச் செங்குத்தாகப் போட்டு வாங்குங்கள். இதுவே வழிகாட்டித் துண்டு. வடசென்னையில் அத்தகைய பட்டறையைத் தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியிராது. அத்துளையில் ஆடாமல் இறங்கும் கம்பி ஒன்றின் நுனியையும் கூராகக் கடைந்து தரச் சொல்லுங்கள். வேலைத் துண்டில் குறித்த இடத்தில் சென்டர் பஞ்ச் எனும் கூர்முனைக் கருவியால் அழுத்தமாகக் குழி அடித்து, அதன்மேல் வைத்த வழிகாட்டித் துண்டின் துளை வழியே இந்தக் கம்பியை இறக்கினால், அதன் கூர் குழியில் சென்று அமரும். அந்த நிலையிலேயே வழிகாட்டித் துண்டை இரண்டு சி கிளாம்ப்களால் இறுக்கிவிட்டுக் கம்பியை எடுத்துவிடலாம்.

முதலில் 5 மி.மீ. பிட்டால் முழுவதும் துளைத்து, வழிகாட்டியைக் கழற்றிய பிறகே 10 மி.மீ. பிட்டைச் செலுத்த வேண்டும். பெரிய பிட்டின் நுனியில், நட்டநடுவே இருக்கும் குறுக்கு விளிம்பு இரும்பைச் சீவுவதில்லை, நசுக்கவே செய்கிறது. பிட் இடம்விட்டு நழுவுவதற்கு இதுவே முதற்காரணம். சிறிய துளை முன்பே இருந்தால் அந்த விளிம்புக்கு வேலையே இல்லாமல் போய், பிட் அத்துளையின் வழியைப் பின்பற்றி இறங்கும்.

சாதாரண இரும்புக்கு 5 மி.மீ. பிட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,600 சுற்றும், 10 மி.மீ. பிட் 800 சுற்றும் சுழன்றால் போதும். சுவருக்கான ஹேமர் விசை அணைந்திருக்கிறதா என்று மறவாமல் பாருங்கள். சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்து, இரும்புச் சுருளை நீக்கி, எண்ணெய் விடுங்கள். இல்லையெனில் சுருள் அடைத்துச் சிறிய பிட் முறிந்துவிடும்.

மறுபக்கம் வெளிவரும் தறுவாயில் பிட் சட்டெனப் பற்றிக்கொண்டு, வேலைத் துண்டையே சுழற்றப் பார்க்கும். எனவே அதை வைஸில் இறுகப் பிடித்து, முடிவில் அழுத்தத்தைக் குறையுங்கள். கண்ணாடி அணியுங்கள், கையுறை மட்டும் வேண்டவே வேண்டாம், சுழலும் பிட் அதோடு விரலையும் இழுத்துக்கொள்ளும்.

பிசிறை அரத்தால் நீக்கிய பின், 10 மி.மீ. நேர்க்கம்பி ஒன்றைத் துளையில் செருகி, அதனருகே மூலைமட்டத்தை இரு திசைகளிலும் வைத்துப் பாருங்கள். எஞ்சிய சாய்வு இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.