இரண்டு நாள், ஒரு சைக்கிள், புதுக்கோட்டைக் குன்றுகள்

கேள்வி: கிராமச் சாலைகளில் சைக்கிள் மிதித்துக்கொண்டே பழைய கோயில்கள், குகைகளைப் பார்க்கத் தமிழ்நாட்டில் எந்தப் பகுதி ஏற்றது? சனி, ஞாயிறு மட்டும்தான் கைவசம் இருக்கிறது.

புதுக்கோட்டை. யோசிக்காமல் சொல்வேன்.

தஞ்சாவூர், கும்பகோணம் என்று பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அங்கே கோயில்களுக்குக் குறைவில்லைதான். குறுகிய சாலையில் முட்டிக்கொண்டு வரும் பஸ்களுக்கும் குறைவில்லை. புதுக்கோட்டைக்கு மேற்கே நிலைமை வேறு. செம்மண், தைலமரக் காடு, கண்மாய், நடுநடுவே திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப் பாறை. இந்தப் பக்கத்துப் பழமை அநேகமாக எல்லாமே அந்தப் பாறைகளில்தான் இருக்கிறது. ஒரு குன்றின் மேல் ஏறி நின்றால் அடுத்த குன்று எங்கோ தெரியும். காரில் போகிறவருக்கு இது ஐந்து தனித்தனி ‘இடங்கள்’. சைக்கிளில் போனால் ஒரே வழி என்பது காலுக்குத் தெரிந்துவிடும்.

நான் நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை படுதோல்வி. திருமயம் கோட்டையையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சித்திரை மாதத்தில் கிளம்பினேன். நார்த்தாமலை உச்சியில் செருப்பைக் கழற்றிவிட்டு விஜயாலய சோழீச்சரத்தைச் சுற்றியபோது மணி பன்னிரண்டரை. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பிராகாரத்தில் ஓடினேனே தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. அதனால் முதல் புத்திமதி: மார்கழி, தை மாதங்களில் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். நார்த்தாமலையை முதலில் வையுங்கள், ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் நார்த்தாமலை. விடியற்காலையில் கிளம்பினால் லாரித் தொந்தரவு இருக்காது. சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் பாறையில் ஏறவேண்டும். வழியில் ஒரு சுனை. மேலே போனதும் மேற்கு பார்த்தபடி அந்தக் கற்கோயில் நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம்; சுற்றிலும் சின்னச் சின்னப் பரிவார சன்னதிகள். பெயரில் சோழன் இருந்தாலும் அங்கே உள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் கட்டிய கோயில் மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தாராம். எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள் இருக்கின்றன. பெரியதற்குச் சமணர் குடகு என்று பெயர். உள்ளே போனால் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு திருமால், அநேகமாக ஒரே அச்சு. சமணரும் திருமாலும் எப்படி ஒரே குகையில் என்று என்னோடு வந்த தங்கை மகன் கேட்டான். கைமாறியிருக்கும் என்றேன். வீட்டு மனை மாதிரியா மாமா என்றான்.

அங்கிருந்து சித்தன்னவாசலுக்கு ஊர்ச் சாலைகள் வழியாகப் போங்கள், நெடுஞ்சாலைக்குத் திரும்பாதீர்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு அதுதான். பஞ்சர் ஆவதும் அங்கேதான். ஓரமெங்கும் சீமைக் கருவேலம். வெட்டிப் போட்ட முள் தார்ச் சாலையின் நிறத்திலேயே கிடக்கும்.

இரண்டாம் முறை போனபோது என் பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. ஒட்டினேன்; நூறு அடியில் மறுபடி காற்று இறங்கியது. மறுபடி ஒட்டினேன். கேரியரின் இரு பக்கமும் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு ஓர் அக்கா சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டயரை என் கையிலிருந்து வாங்கி, குடத்து வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, டயரின் உட்பக்கம் முழுக்கச் சுற்றித் துடைப்பதுபோல் இழுத்தார். ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டி நின்றது. நகத்தால் நெம்பியதும் ஒரு அரிசி நீளத்துக்கு முள்முனை வெளியே வந்தது. “விரலால் தடவினால் அகப்படாது தம்பி. இதை எடுக்காமல் நீங்கள் எத்தனை ஒட்டு போட்டாலும் ஒன்றுதான்” என்றார்.

எங்கே பழகினீர்கள் அக்கா என்று கேட்டேன். “அறிவொளியில்” என்றார். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1991இல் இந்த மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதில் முனைப்பாக இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள், கல் குவாரிகளில் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் உட்பட, சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அதுவரை அப்பனோ புருஷனோ ஏற்றிப்போனால்தான் உண்டு. இந்த ஊரின் வரலாற்றுச் சின்னம் எது என்று என்னைக் கேட்டால் அந்தக் கேரியரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

சித்தன்னவாசலில் எல்லோரும் ஓவியத்துக்குப் போவார்கள். நீங்களும் போங்கள். அறிவர் கோயில் என்கிற சமணக் குகைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளம், அதில் மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். தூண்களில் ஆடல் பெண்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் குகையைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நிறைய உதிர்ந்துவிட்டது, அச்சிட்ட படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். இருட்டுக்குக் கண் பழகும்வரை நில்லுங்கள், பச்சை மெல்லத் துலங்கும்.

என் மனம் ஏழடிப்பட்டத்தில்தான். குன்றின் மறுபக்கம், பாறை விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். இயற்கைக் குகை, உள்ளே தலையணை மேட்டோடு வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள். எல்லாவற்றிலும் பழையதில் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமை நாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்த இருக்கை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். எருமை நாடு என்பது மைசூர்ப் பக்கம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அங்கிருந்து ஒரு சமணத் துறவி இங்கே நடந்து வந்திருக்கிறார். 30 கிலோமீட்டர் மிதித்துவிட்டுத் தொடை கடுத்து உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நடை உறைத்தது. கம்பிக்கு அப்பால் கீழே வயல்வெளி, காற்று. அந்த இடத்தை ஏன் பிடித்தார்கள் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

முதல் நாள் இரவு புதுக்கோட்டைக்கே திரும்பிவிடுவது நல்லது. 16 கிலோமீட்டர்தான், தங்க விடுதி உண்டு, பரோட்டாவும் முட்டை மாஸும் உண்டு.

மறுநாள் குடுமியான்மலை, 20 கிலோமீட்டர். மண்டபத்துச் சிற்பங்களில், அன்னத்தின் மேல் ரதியிலும் உக்கிர நரசிம்மரிலும், ஒரு மணி நேரம் போய்விடும். போகட்டும். ஆனால் கோயிலுக்குப் பின்னால் பாறைச் சரிவில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஏழு பண்களுக்கான சுரங்கள் கிரந்த எழுத்தில் கட்டம் கட்டியதுபோல் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. எழுதியவன் தன்னை ருத்ராசாரியாரின் சீடன் என்று சொல்லிக்கொள்கிறானே தவிர, பெயரைச் சொல்லவில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள், மறுப்பவர்களும் உண்டு. கீழே தமிழில் ஒரு வரி: எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய. எட்டு நரம்பு யாழுக்கும் ஏழு நரம்பு யாழுக்கும் பொருந்தும் என்று பொருள் சொல்கிறார்கள். வாசிக்கப் போகிறவனுக்கு எழுதிவைத்த குறிப்பு.

இலுப்பூர் வழியாகக் கொடும்பாளூர். இந்தத் துண்டில் நிழல் குறைவு, எதிர்க்காற்று வேறு; ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். கொடும்பாளூரில் இருக்குவேள் தலைவன் பூதி விக்கிரமகேசரி 10ஆம் நூற்றாண்டில் தனக்கொன்று, கற்றளி, வரகுணை என்ற பெயர்கொண்ட இரு மனைவியருக்கு ஒவ்வொன்று என்று கட்டிய மூவர் கோயிலில் இப்போது இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். புல்வெளியில் அந்த வெற்று அடித்தளத்தின் மேல் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம் (காவலர் சத்தம் போட்டார், அவர் சொன்னதுதான் சரி, நீங்கள் வெளியே மர நிழலில் தின்னுங்கள்).

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து மதுரைக்கு நடக்கும்போது, மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான் அல்லவா? கொடும்பையில் குளக்கரை தாண்டினால் சிவன் கைச் சூலம்போல் பாதை மூன்றாகப் பிரியும் என்று. அந்தக் கொடும்பை இதுதான். இன்றும் திருச்சி–மதுரை நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. கோயிலுக்கு வெளியே வந்து வலமா இடமா என்று தங்கை மகன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விராலிமலை ஏழெட்டு கிலோமீட்டர். மயில் அகவல் சாலைக்கே கேட்கும். முருகனுக்குச் சுருட்டு படைக்கும் ஊர். அதற்குமேல் திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் மிதிப்பதில் ஒரு பயனும் இல்லை. நாங்கள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானை சரக்கு வண்டியை நிறுத்தி, கூலி பேசி, இரண்டு சைக்கிளையும் பின்னால் படுக்கவைத்து ஏற்றிக்கொண்டோம். பின் டயரில் இன்னொரு முள் ஏறியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.