நோபல் ஒட்டிய டப்பா

கே: அப்பாவுக்கு 72 வயது, மறதி. ‘மூளைக்கு நைட்ரிக் ஆக்சைடு’ என்று வீட்டுக்கே வந்து ஒருவர் 4,800 ரூபாய்க்குப் பொடி டப்பாவைத் தலையில் கட்டிவிட்டார். நோபல் பரிசு பெற்றதாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குக் கொடுக்கலாமா? (மதுரை)

ப: கூடாது. அந்த மாத்திரையே நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் ரத்தக் குழாயை விரிக்கிறது. கூட இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம். டப்பாவை இதய டாக்டரிடம் காட்டுங்கள். பெற்றவர் மறதியைப் பார்த்துப் பயந்திருக்கும் பிள்ளைகளாகப் பார்த்து விற்கிறார்கள், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பில்லோடு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள்.

நோபல் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரும் பரிசு வாங்கியது இதயம், ரத்தக் குழாய் சம்பந்தப்பட்ட கண்டுபிடிப்புக்கு. ஞாபகசக்திப் பொடிக்கு அதில் என்ன பங்கு? மூளையிலும் இந்த வாயுவுக்கு வேலை உண்டுதான். ஒரு நரம்பு செல் வெளியிட, செல்சவ்வைத் தாண்டிப் பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்லிவிட்டுச் சில நொடிகளில் காணாமல் போகும். வேண்டிய இடத்தில் வேண்டியபோது மூளையே தயாரித்துக்கொள்கிறது. அளவு மீறினால் சூப்பர் ஆக்சைடு என்ற ஆக்சிஜன் வகையோடு சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற நச்சாகி நரம்பு செல்லையே சிதைக்கும். பக்கவாதத்தில் மூளை கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத்தான் ‘கூட்டித் தருகிறோம்’ என்று தங்க எழுத்தில் அச்சடிக்கிறார்கள்.

கே: பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு, உடம்பு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் மூலப்பொருளான எல்-ஆர்ஜினின் மாத்திரை? (சேலம்)

ப: தூங்க விடுங்கள்.

கே: ஆஃபரில் ஆறு டப்பா வாங்கிவிட்டேன். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று லேபிளில் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். ஏமாற்று வேலைதானே? (கோவை)

ப: சட்டப்படி போடவேண்டிய வாசகம் அது, போட்டிருக்கிறார்கள். ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ரிட்டர்ன் கெடு முடியுமுன் பிரிக்காததையாவது திருப்பி அனுப்புங்கள்.

கே: பீட்ரூட் பொடி? (நெல்லை)

ப: பீட்ரூட்டையே வாங்குங்கள். அதிலுள்ள நைட்ரேட்டை, பிறகு நைட்ரிக் ஆக்சைடாகும் நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கிலுள்ள பாக்டீரியா. கிருமிகொல்லி மவுத்வாஷ் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். நான் 650 ரூபாய்க்கு வாங்கிய பொடி கட்டிதட்டி, ஸ்பூன் நட்டுக்கொண்டு நிற்கிறது.

கே: லண்டனில் படிக்கும் மகன் பார்ட்டியில் பலூன் வாயு இழுக்கிறான். நைட்ரிக் ஆக்சைடு நல்லதுதான் என்கிறான். (தஞ்சாவூர்)

ப: அவன் இழுப்பது நைட்ரஸ் ஆக்சைடு, வேறு வாயு. வைட்டமின் பி12-ஐ முடக்கித் தண்டுவடத்தைக் கெடுக்கும். பிரிட்டனில் 2023 நவம்பர் முதல் போதைக்காக வைத்திருப்பதே குற்றம். கால் மரத்துப்போகிறதா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே டாக்டரிடம் போகட்டும், பலூன் விஷயத்தை மறைக்காமல் சொல்லட்டும்.